வேலை விசா போன பிறகு மூன்றாம் நாட்டிலிருந்து மாணவர் விசா: எல்லையைத் தாண்டலாமா?

காவிரிக்கரை | 2025 அக்டோபர் 9

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெக்சாஸில் எட்டு வருடமாக இருக்கிறேன். எச்-1பி வேலை விசா. செப்டம்பர் 12 எனக்குக் கடைசி வேலை நாள். எங்கள் குழுவையே கலைத்துவிட்டார்கள். வேலை போனவர் நாட்டில் இருக்கத் தரும் 60 நாள் சலுகைக் கணக்குப்படி நவம்பர் 11 வரைதான் எனக்கு நேரம். ஐ-94 தேதி (எதுவரை தங்கலாம் என்ற பதிவு) 2027 ஆகஸ்ட் வரை இருக்கிறது. பாஸ்போர்ட்டில் உள்ள எச்-1பி விசா ஸ்டாம்ப் மட்டும் போன வருடமே காலாவதி. கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனு ஒப்புதலாகி மூன்று வருடம் ஆகிறது. மனைவி எச்-4 இஏடியில் (என் விசாவைச் சார்ந்த வேலை அனுமதி) வேலை பார்க்கிறாள். மகளுக்கு ஐந்து வயது, இந்த ஆகஸ்டில்தான் பள்ளியில் சேர்த்தோம்.

ஒரு சின்ன கம்பெனி என்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது. ஆனால் அக்டோபர் 1 முதல் அரசாங்கம் முடங்கிக் கிடப்பதால் தொழிலாளர் துறையில் எல்சிஏ (சம்பளம், வேலை நிலை பற்றிக் கம்பெனி தரும் விண்ணப்பம்) போட முடியவில்லை. எல்சிஏ இல்லாமல் எச்-1பி மனு இல்லை.

இன்னொரு பக்கம், ஜனவரியில் தொடங்கும் முதுகலைப் படிப்புக்கு ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைச் சான்றான ஐ-20 கையில் இருக்கிறது. நயாகரா பார்ப்பதற்காக எடுத்த கனடா விசிட்டர் விசா இன்னும் செல்லும். டொராண்டோ போய் அங்குள்ள அமெரிக்கத் தூதரகத்தில் எஃப்-1 மாணவர் விசா வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாமா? சென்னைக்குப் போனால் குடும்பத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். இப்படிப் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மகரந்தம் | அக்டோபர் 9

தாராளமாகப் போகலாம் ப்ரோ. என் ரூம்மேட் 2022-இல் மெக்சிகோ போய் ஐந்தே நாளில் எஃப்-1 ஸ்டாம்ப் வாங்கி வந்தான். அப்போது இந்தியாவில் விசா நேர்காணலுக்கு ஸ்லாட்டே கிடைக்காது. கனடாவில் கிடைக்கவில்லை என்றால் மெக்சிகோவைப் பாருங்கள்.

டல்லாஸ்_கொங்கு | அக்டோபர் 9

தம்பி, பதறாமல் படியுங்கள். மகரந்தம் சொல்வது 2022-க்குச் சரி, இன்றைக்குச் சரியில்லை.

அந்தக் காலத்தில் இந்தியாவில் காத்திருப்பு அவ்வளவு நீளம். 2023 பிப்ரவரியில், பேங்காக்கில் போய்ப் பார்வையாளர் விசா நேர்காணலுக்கு வரலாம் என்று இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகமே அறிவித்தது. கொரோனாவுக்குப் பிறகான நெரிசலைக் குறைக்க மூன்றாம் நாட்டுக்காரர்களை அப்படிச் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த வருடம் செப்டம்பர் 6-ஆம் தேதி அது முடிந்தது. குடியேற்றம் அல்லாத விசா எதுவானாலும் சொந்த நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் வசிக்கும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும் என்று வெளியுறவுத் துறை சொல்லிவிட்டது. 'வசிக்கும் நாடு' என்றால் வசிப்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். டொராண்டோவில் ஹோட்டல் ரூம் எடுத்தால் அது வசிப்பு ஆகாது. வேறு நாட்டில் கட்டணம் கட்டி விண்ணப்பித்தால் தகுதியைக் காட்டுவது கடினமாகும், கட்டிய பணம் திரும்பாது, இன்னொரு நாட்டுக்கு மாற்றவும் முடியாது என்றும் அதே அறிவிப்பில் இருக்கிறது. ரஷ்யா, ஈரான் போல வழக்கமான விசா வேலை நடக்காத நாட்டுக்காரர்களுக்கு மட்டும் வேறு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நமக்கு அந்த வழி இல்லை.

அப்புறம் மெக்சிகோ. இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். உங்கள் ஸ்டாம்ப் காலாவதி என்கிறீர்கள். ஆக, மெக்சிகோவுக்குள் நுழையவே முதலில் அவர்கள் விசா வேண்டும்.

காவிரிக்கரை | அக்டோபர் 10

நன்றி அண்ணா. செப்டம்பர் 6 அறிவிப்பை வேலை போன குழப்பத்தில் கவனிக்கவே இல்லை. ஒரு சந்தேகம். கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் 30 நாளுக்குள் போய் வந்தால் காலாவதியான ஸ்டாம்பிலேயே திரும்ப விடுவார்கள் என்று ஒரு விதி உண்டே? விசா கிடைக்காவிட்டால் அதை வைத்துத் திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

டல்லாஸ்_கொங்கு | அக்டோபர் 10

அந்த நினைப்பை இப்போதே விட்டுவிடுங்கள். அது தானியங்கி மறுசெல்லுபடி. அந்தப் பயணத்தில் புதிய விசாவுக்கு விண்ணப்பித்தவருக்கு அது கிடையாது. 2002-லிருந்தே அப்படித்தான். தூதரகத்தில் விண்ணப்பம் போட்ட நிமிடமே, முடிவு வருவதற்கு முன்பே, அந்த வாசல் மூடிக்கொள்கிறது.

இன்னொன்று. 60 நாள் சலுகை நாட்டுக்குள் இருப்பவருக்கு மட்டும்தான். வெளியே காலடி வைத்தால் மீதி நாட்கள் போய்விடும். வேலை இல்லாமல் எச்-1பி என்று சொல்லி உள்ளே வரவும் முடியாது.

எல்லையைத் தாண்டும் முன் நான் எல்லோரிடமும் கேட்பது ஒன்றுதான்: "இல்லை" என்று சொல்லிவிட்டால் அன்று இரவு எந்த நாட்டில் நிற்கப் போகிறீர்கள்? அதற்குப் பதில் இல்லாமல் போகாதீர்கள்.

வைகைப்பெண் | அக்டோபர் 10

அப்படிப் பதில் இல்லாமல் போனவள் நான். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், உங்கள் மகளின் வயதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

2023. எனக்கும் எச்-1பி வேலை போயிற்று. ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஐ-20 வாங்கினேன். என் ஸ்டாம்ப் செல்லுபடியாக இருந்ததால் மெக்சிகோவுக்குள் நுழைவதில் சிக்கல் இல்லை. ஒரு வாரத்துக்கான துணிகளோடு கிளம்பினேன். கணவர் டெக்சாஸில், மகன் மூன்றாம் வகுப்பில்.

ஜன்னலில் நின்ற அதிகாரி அதிகம் கேட்கவில்லை. 'உங்கள் பெயரில் யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா?' என்றார். ஆமாம், ஐ-140 இருக்கிறது என்றேன். 'படித்து முடித்தால் எங்கே போவீர்கள்?' மதுரைக்கு என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், ஆனால் எட்டு வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டு, கணவரையும் மகனையும் அங்கே விட்டுவிட்டு, மெக்சிகோவில் நின்றுகொண்டு மதுரை என்றால் யார் நம்புவார்கள்? இப்போதைக்கு விசா இல்லை, இன்னும் பரிசீலிக்க வேண்டும் என்னும் 221(ஜி) தாளைக் கொடுத்து அனுப்பினார்.

ஐந்து வாரம் அந்த ஊரில் இருந்தேன். ஹோட்டலுக்குக் கட்டுப்படியாகாமல் ஒரு வீட்டின் மாடி அறைக்கு மாறினேன். தினமும் காலையில் முதல் வேலை விசா நிலையைப் பார்ப்பது. வகுப்பு தொடங்கி, தாமதமாகச் சேருவதற்கான நாளும் கடந்துபோனது. ஆறாவது வாரம் 214(பி), அதாவது ஊர் திரும்புவேன் என்று நம்பும்படி காட்டவில்லை என்று மறுத்துவிட்டார்கள்.

திரும்ப ஊருக்குப் போவது அதைவிடப் பெரிய பாடு. மெக்சிகோவிலிருந்து இந்தியா வரும் மலிவான விமானங்கள் பெரும்பாலும் அமெரிக்கா வழியாகத்தான் வரும். அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறவும் விசா வேண்டும். ஐரோப்பாவிலும் சில நாடுகளில் விமானம் மாற மட்டுமே இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா கேட்பார்கள். கடைசியில் மெக்சிகோ சிட்டி, இஸ்தான்புல், மும்பை, மதுரை என்று வந்து சேர்ந்தேன். மகனைப் பார்க்க மொத்தம் ஐந்து மாதம் ஆனது.

பிறகு சென்னையில் விண்ணப்பித்துத்தான் எஃப்-1 கிடைத்தது. அங்கும் அதே கேள்விகள்தான். ஆனால் சொந்த ஊரில் நின்று பேசினேன், அப்பாவின் வீடும் என் பெயரில் உள்ள நிலமும் பேச்சில் இயல்பாக வந்தன, முந்தைய மறுப்பை நானே முதலில் சொன்னேன்.

தம்பி, போகாதீர்கள்.

மகரந்தம் | அக்டோபர் 10

அக்கா, மன்னியுங்கள். இது தெரியாமல் எழுதிவிட்டேன். என் பதிவின் மேலே 'பழைய தகவல்' என்று சேர்க்க முயன்றேன், திருத்த விடவில்லை. படிப்பவர்கள் கீழே உள்ளதையும் படியுங்கள்.

எழிலி | அக்டோபர் 11

ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வழக்கறிஞர் இல்லை. இதைப் படித்துவிட்டு ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரமாவது பேசுங்கள்.

காவிரிக்கரை, நீங்கள் வெளியே போகாமலே மாணவராக மாற முடியும். ஐ-539 என்ற படிவத்தில் எச்-1பியிலிருந்து எஃப்-1க்கு நிலை மாற்றம் கேட்கலாம். 60 நாள் முடியும் முன் அது போய்ச் சேர வேண்டும். ஆன்லைனில் 420 டாலர், காகிதத்தில் 470. மனைவிக்கும் மகளுக்கும் மாணவர் குடும்பத்துக்கான எஃப்-2 கேட்டு ஐ-539ஏ படிவங்களை அதோடு இணைக்கலாம். முன்பெல்லாம் படிப்புத் தொடங்கும் தேதிக்கு 30 நாள் முன்வரை இடைவெளியை நிரப்ப இன்னொரு விசா நிலை கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. 2021 ஜூலையில் அதை நீக்கிவிட்டார்கள்.

கஷ்டங்களும் உண்டு. முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம். ஜனவரிக்குள் வராவிட்டால் ஐ-20 தேதியைத் தள்ளிப்போட வேண்டும், அதை உங்கள் பல்கலைக்கழக அலுவலகத்திடம் இப்போதே பேசிவையுங்கள். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டுப் போனால் அதைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். ஒப்புதல் வந்தாலும் பாஸ்போர்ட்டில் விசா இருக்காது, பிறகு எப்போது ஊருக்குப் போனாலும் திரும்பி வர நேர்காணல் உண்டு. மனைவி எஃப்-2 ஆனால் வேலை பார்க்கவே முடியாது. மகள் பள்ளிக்குப் போகலாம்.

ஐ-140 ஐ-539க்கும் ஒரு கேள்விதான். ஆனால் அங்கே விளக்கக் கடிதமும் ஆவணங்களும் இணைத்துக் காகிதத்தில் பேசலாம். ஜன்னலில் இரண்டு நிமிடத்தில் பேசுவதை விட அது எவ்வளவோ மேல்.

டல்லாஸ்_கொங்கு | அக்டோபர் 11

எழிலி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஐ-140 ஒப்புதலாகி 180 நாள் தாண்டிவிட்டால் பழைய கம்பெனி திரும்பப் பெற்றாலும் அது ரத்தாகாது, கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடமான முன்னுரிமைத் தேதி உங்களுடையது. எனவே படிவத்தில் அதை மறைக்கும் ஆசை வேண்டாம். விசா விண்ணப்பப் படிவமான டிஎஸ்-160-இல் அந்தக் கேள்வி நேரடியாகவே இருக்கிறது. 'முன்பு விசா மறுக்கப்பட்டதா' என்ற கேள்விக்கு 221(ஜி)யும் மறுப்புதான், 'ஆம்' என்றுதான் போட வேண்டும். மறுப்பு வந்தால் இன்னொரு தடவை முயலலாம். பொய் சொன்னதாக முடிவு செய்துவிட்டால் வாழ்நாள் தடை.

ஐ-94 தேதி தாண்டியவர்கள் யாராவது இதைப் படித்தால்: ஒரு நாள் தாண்டியிருந்தாலும் 222(ஜி) பிரிவில் பழைய விசா செல்லாது, பொதுவாகச் சொந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க முடியும். அவர்களுக்கு மூன்றாம் நாடு எப்போதுமே வழியாக இருந்ததில்லை.

வன்னிக்காரன் | அக்டோபர் 12

நான் டொராண்டோவில் இருக்கிறேன், இலங்கைத் தமிழர். அமெரிக்காவை விட்டுவிட்டுக் கனடாவிலேயே படிக்க யோசிக்கிறீர்களா தம்பி? அமெரிக்காவில் சட்டப்படி இருக்கும்போதே கனடா மாணவர் அனுமதிக்கு ஆன்லைனில் போடலாம். ஆனால் முன்பு மாதிரி இலகு இல்லை. இந்தியர்களுக்கு இருந்த விரைவு வழி 2024 நவம்பர் 8-இல் நிறுத்தப்பட்டது. எல்லையில் போய்த் திரும்பி அங்கேயே அனுமதி எடுப்பது 2024 டிசம்பரோடு போச்சு. இந்தச் செப்டம்பரிலிருந்து தனி ஆளுக்கே கல்விக் கட்டணம் தவிர 22,895 கனடா டாலர் காட்ட வேணும், குடும்பத்தோடு என்றால் இன்னும் கூட. இந்த 2025-இல் மாகாணத்தின் சான்றுக் கடிதமும் வேணும். கனடா முடிவு வரும்வரை அமெரிக்காவில் இருக்க அந்த விண்ணப்பம் எந்த உரிமையும் தராது, அதை மறக்க வேண்டாம்.

ஷார்ஜா_நண்பன் | அக்டோபர் 14

இழையில் இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நிலைமை கிட்டத்தட்ட ஒன்று, நாடு வேறு.

ஷார்ஜாவில் ஒன்பது வருடம். கம்பெனி இந்த மாதக் கடைசியில் என் வேலை விசாவை ரத்து செய்கிறது. அமெரிக்காவில் ஜனவரி முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. 350 டாலர் செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணமும் இங்கேயே 185 டாலர் விசா கட்டணமும் கட்டிவிட்டேன். ஸ்லாட் நவம்பர் 6-க்குத்தான் கிடைத்தது. எமிரேட்ஸ் ஐடி கையில் இருக்கும். நேர்காணலுக்குப் போகலாமா?

டல்லாஸ்_கொங்கு | அக்டோபர் 14

விசா ரத்தான பிறகு கிடைக்கும் சலுகை நாட்களில் நீங்கள் அங்கே இருக்கலாம், ஆனால் வசிப்பவர் என்று காட்ட என்ன இருக்கிறது? அட்டை கையில் இருப்பதும் அது செல்லுபடியாக இருப்பதும் ஒன்றல்ல. ரத்துக்கு முன் ஸ்லாட் முன்னால் வந்தால் போங்கள். வராவிட்டால் 185 டாலரை மறந்துவிட்டுச் சென்னையில் புதிதாகக் கட்டுங்கள். நேர்காணல் நாளன்று நீங்கள் எந்த நாட்டில் யார் என்பதுதான் கணக்கு.

வைகைப்பெண் | அக்டோபர் 14

தம்பி, ஒன்பது வருட வளைகுடா வேலை உங்களுக்குப் பலம்தான். சம்பளப் பேரேடு, வங்கிக் கணக்கு, ஊரில் வாங்கிய இடம், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போங்கள். யாரும் கேட்காவிட்டாலும் கையில் இருக்கட்டும்.

காவிரிக்கரை | அக்டோபர் 31

சில தகவல்கள்.

தொழிலாளர் துறையின் எல்சிஏ தளம் இன்று திறந்தது. உடனே அந்தச் சின்ன கம்பெனியைக் கூப்பிட்டேன். எல்சிஏ வர ஏழு வேலை நாள். சனி, ஞாயிறு, நவம்பர் 11 விடுமுறை எல்லாம் கழித்து எண்ணினால் நவம்பர் 12-இல் வந்து நிற்கிறது. என் கெடு 11. முடக்கத்தைக் காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம் என்று வழக்கறிஞர் சொன்னார், கம்பெனி அந்த ரிஸ்க் எடுக்கத் தயங்குகிறது.

வெளியே போவதைப் பற்றி வழக்கறிஞர் சொன்ன இன்னொன்றை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 செப்டம்பர் 21-இல் நடப்புக்கு வந்த ஒரு லட்சம் டாலர் கட்டணம், வெளிநாட்டில் இருப்பவருக்காகப் போடும் புதிய எச்-1பி மனுவுக்கு. உள்ளே இருந்து நிலை மாற்றம் கேட்கும் மனுவுக்கு அது இல்லை என்று குடியேற்றத் துறை அக்டோபர் 20-இல் தெளிவாக்கியது. நான் இப்போது சென்னைக்குப் போய் விசா மறுக்கப்பட்டு அங்கேயே நின்றுவிட்டால், என்னை எடுக்க நினைக்கும் கம்பெனி ஒரு லட்சம் டாலர் கொடுத்தா எடுக்கும்?

நேற்று இரவு மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவள் வேலையை விட வேண்டியிருக்கும். சேமிப்பில் ஒன்றரை வருடம் ஓட்டலாம். ஐ-539 போடுகிறோம். 'எல்லை தாண்ட வேண்டாம், ஒரே வீட்டில் இருப்போம்' என்று சொன்னது அவள்தான்.

எழிலி | நவம்பர் 1

நல்லது. இணைக்க வேண்டியவை: ஐ-20, செவிஸ் ரசீது, கடைசிச் சம்பளச் சீட்டுகள், வேலை முடிந்த கடிதம், மூவரின் ஐ-94, பணத்துக்கான வங்கி அறிக்கை, ஏன் படிக்கிறீர்கள் என்ற கடிதம். அந்தக் கடிதத்தில் வேலை போனதை மறைக்காதீர்கள். வேலை போனதால்தான் படிப்பு என்று மட்டும் தோன்றவும் கூடாது. இந்தப் படிப்பு ஏன், இதை வைத்து ஊரில் என்ன செய்ய முடியும் என்று உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்களை அலுவலர்கள் ஆயிரம் முறை பார்த்திருப்பார்கள்.

முதல் நாளிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று விளம்பரம் செய்யும் கல்லூரிகளுக்கு மாறிவிடாதீர்கள். இப்போதைக்குச் சம்பளம் வரும், ஆனால் அடுத்த எச்-1பி மனுவில் அதைத் தோண்டித் தோண்டிக் கேட்பார்கள்.

காவிரிக்கரை | நவம்பர் 6

நேற்று ஆன்லைனில் அனுப்பிவிட்டோம். ரசீது எண்ணும் வந்துவிட்டது. படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்ற கடிதத்தை மூன்று முறை கிழித்து எழுதினேன். தண்ணீர் மேலாண்மைத் தரவுகளில்தான் என் ஆர்வம், தஞ்சாவூர் ஆறுகளைப் பார்த்து வளர்ந்தவன். அதை எழுதியதும் கடிதம் தானாக வந்தது.

ஷார்ஜா_நண்பன் | டிசம்பர் 11

சென்னையில் எஃப்-1 கிடைத்துவிட்டது. இந்த இழையைப் படிக்காமல் இருந்திருந்தால் நவம்பர் 6-இல் ரத்தான விசாவோடு போய் நின்றிருப்பேன்.

நடந்ததை எழுதுகிறேன், யாருக்காவது உதவும். முதல் நாள் கைரேகையும் படமும். அடுத்த நாள் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய தூதரகம். காலை ஆறரைக்கே வரிசை. முந்தைய வாரமே எல்லாச் சமூக ஊடகக் கணக்குகளையும் பொதுவில் திறந்து வைத்தேன். ஜூனிலிருந்து மாணவர்களுக்கு அது கட்டாயம். ஐந்து வருடத்தில் பயன்படுத்திய கணக்குப் பெயர்களை டிஎஸ்-160-இல் எழுதியிருந்தேன், பழைய கணக்கு ஒன்றை மறந்துவிட்டு நினைவு வந்ததும் திருத்திப் புதிதாகப் போட்டேன்.

கேட்டவை: எந்தப் பல்கலைக்கழகம், ஏன் 33 வயதில் படிப்பு, ஷார்ஜா வேலை ஏன் முடிந்தது, யார் பணம் தருகிறார்கள். வேலை முடிந்த கடிதத்தை எடுத்து நீட்டினேன். 'அங்கேயே ஏன் விண்ணப்பிக்கவில்லை?' என்றும் கேட்டார். விண்ணப்பித்தேன், வசிப்பு ரத்தானதால் இங்கே வந்தேன் என்றேன். தலையசைத்தார். ஊரில் அம்மா மட்டும் இருப்பதைச் சொல்ல நினைத்தேன், அதற்குள் முடிந்துவிட்டது. ஐந்து வருட விசா. வகுப்புத் தொடங்க 30 நாளுக்கு முன் நுழைய முடியாது என்பதால் டிசம்பர் 28-க்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.

வைகைப்பெண் அக்கா, சம்பளப் பேரேட்டை யாரும் பார்க்கவில்லை. ஆனால் கையில் இருந்தது.

வைகைப்பெண் | டிசம்பர் 11

மனசு நிறைந்தது தம்பி. குளிருக்கு ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்குங்கள், சென்னையில் வாங்கியது தாங்காது.

காவிரிக்கரை | டிசம்பர் 13

வாழ்த்துகள் நண்பா. எங்களுக்கு இன்னும் முடிவு வரவில்லை. ஐ-20-ஐ அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போட்டுப் புதியது வாங்கிவிட்டேன். மகள் பள்ளிக்குப் போய் வருகிறாள். எழிலி, ஒரு கேள்வி: ஐ-20 தேதி மாறியதால் செவிஸ் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டுமா? மனைவி, மகளுக்குத் தனியாகக் கட்ட வேண்டுமா?

எழிலி | டிசம்பர் 13

செவிஸ் எண் மாறாமல் இருந்தால் மறுபடி கட்ட வேண்டாம், இரண்டு ஐ-20-களிலும் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். எஃப்-2 ஆட்களுக்கு அந்தக் கட்டணமே கிடையாது. புதிய ஐ-20-இன் நகலை மட்டும் ஐ-539 கணக்கில் இன்றைக்கே ஏற்றிவிடுங்கள்.